ஆண்டவர் பாயும் எங்கள் பாயும்

பச்சை மிளகைக் காலால் மிதித்து உதிர்த்த பிறகு எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் உள்ளங்காலில் ஓர் எரிச்சல் மிஞ்சியிருக்கும். படுத்தபின் போர்வைக்குள் கால்கள் இரண்டும் தனியாகச் சூடேறிக் கிடக்கும். வெந்நீரில் முக்கி எடுத்த மிளகு வெயிலில் பச்சையிலிருந்து பழுப்பாகி, பழுப்பிலிருந்து கறுப்பாகிச் சுருங்கும்போது எழும் காரம் மூக்கில் ஏறி, வீட்டில் எல்லாரும் மாறி மாறித் தும்மிக்கொண்டிருப்போம். அந்த வாசனையைச் சொன்னாலே எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நத்தார்ப் பண்டிகையும் புதுச்சட்டையும் நினைவுக்கு வரும். எனக்கு வருவது வயிற்றெரிச்சல். அதற்கு இனிப்புத் தடவிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மிளகு காயும் நாள்களில் எங்கள் முற்றத்தில் இரண்டு பாய்கள் விரியும். ஒன்றுக்கு "எங்க பாய்" என்று பெயர். மற்றதற்கு "ஆண்டவர் பாய்". எங்கள் பாய் ஓரம் பிய்ந்து, நடுவில் சாக்குத்துண்டு வைத்துத் தைத்தது. ஆண்டவர் பாய் வருஷா வருஷம் ரத்தோட்டைச் சந்தையில் புதிதாக வாங்கப்படுவது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்க இடம் விட்டுத்தான் அம்மா விரிப்பார். கோழி கிளறி, ஆண்டவர் பாயிலிருந்து ஒரு மணி எங்கள் பாய்க்கு உருண்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் போதும், எந்த மணி என்று யார் கண்டது என்று சொல்லி, எங்கள் பாயிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அந்தப் பக்கம் போட்டுவிடுவார். மறுபக்கமாக உருண்ட மணிகளைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை. ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து பனி இறங்கி, சொல்லாமல் கொள்ளாமல் தூறல் போடும் ஊர் எங்களுடையது. தூறல் விழுந்ததும் அம்மா முதலில் ஓடிச் சுருட்டுவது ஆண்டவர் பாயை. அதை உள்ளே பத்திரமாக வைத்துவிட்டு அவர் திரும்பி வருவதற்குள் எங்கள் மிளகு நனைந்துவிடும். நனைந்ததில் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணம் பிடித்ததற்குக் கடையில் விலை இறங்கும். ஆண்டவரை மட்டும் நாங்கள் ஒரு நாளும் நனையவிட்டதில்லை.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணமே நான்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து, மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடந்தேனாம். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன ஒரு காலையில், பிள்ளை பிழைத்தால் எங்கள் தோட்டத்தில் ஒரு மிளகுக் கொடியை ஆலயத்துக்குக் கொடுப்பதாக அம்மா பொருத்தனை செய்துகொண்டார். பொருத்தனை என்றால் ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கு. அதில் பிறகு பேரம் கிடையாது. நான் பிழைத்துக்கொண்டேன். அதற்கு மருந்து காரணமா, பொருத்தனை காரணமா என்று எங்கள் வீட்டில் யாரும் விவாதித்ததில்லை, அப்பாவைத் தவிர.

அப்பா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அம்மாவின் நகைகளை விற்று, தோட்டத்து லய வீட்டை விட்டு வெளியே வந்து, ரத்தோட்டையிலிருந்து மேலே ஏறும் பாதையோரம் ஒரு சிங்களக் குடும்பத்திடம் வாங்கிய துண்டு நிலம் எங்களுடையது. முள்முருக்கு மரங்களை நட்டு, மரத்துக்கு ஒன்றாக மிளகுக் கொடி ஏற்றியிருந்தார். அவர் பிறந்தது மாத்தளை டவுனில், தேர்த் திருவிழாவுக்கு விரதம் இருக்கும் குடும்பத்தில். அம்மாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கியவர். ஆகவே நேர்த்திக்கடன் அவருக்குப் புதிதல்ல. ஆனால் அவருக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. "எங்க அம்மனுக்கு ஒரு சேவல நேர்ந்தா, வெட்டி, குழம்பு வெச்சு, நாமளே சாப்பிட்டுட்டு வருவோம். உங்க ஆண்டவருக்கு நேர்ந்தா அது மிளகுக்கடை முதலாளி வீட்டுக்குல்ல போகுது" என்பார். அம்மா காதைப் பொத்திக்கொள்வார்.

எந்தக் கொடி என்று பொருத்தனையில் சொல்லப்படாததால், அதைத் தெரிவு செய்யும் உரிமையை அப்பா எடுத்துக்கொண்டார். மேல் வரப்பில், கக்கூசுக்குப் பின்னால், பாறை ஓரத்தில் ஒரு நோஞ்சான் கொடி இருந்தது. மற்றவை மரத்தின் கழுத்தைத் தொட்டபோது அது இடுப்பைத் தாண்டவில்லை. "இதுதான் ஆண்டவருது" என்று சொல்லிவிட்டு, ஏதோ சாமர்த்தியம் செய்த திருப்தியோடு பீடியைப் பற்ற வைத்தாராம்.  மறுநாளிலிருந்து அரிசி களைந்த தண்ணீர், மாட்டுச் சாணம், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் அந்தக் கொடிக்கே போயின. கடவுளுக்கு நோஞ்சானைக் கொடுத்துவிட்டோமே என்ற பயத்தில் அம்மா அதை வளர்த்த வளர்ப்பில், எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் தோட்டத்திலேயே கொழுத்த கொடி அதுதான். திரி திரியாகக் காய்த்துத் தொங்கும். அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தன் நெற்றியில் தானே தட்டிக்கொள்வார்.

தை மாதக் கடைசியில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வரும். சபை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு சிற்றாலயம், முன்பக்கம் மழை அடித்தால் உட்காரும் வாங்குகள் நனையும். போதகர் ஐயாவுக்கு இப்படிப் பல ஆலயங்கள் இருந்ததால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்களுக்குக் கிடைப்பார். பண்டிகை அன்று அவரவர் நிலத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னே படைப்பார்கள்: வாழைத்தார், பூசணி, கருணைக்கிழங்கு, கராம்பு, ஏலக்காய், முட்டை, ஒரு தரம் ஆட்டுக்குட்டிகூட. ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஒரு முட்டையைக்கூட விலை ஏற்றி ஏற்றி, சிரித்துக்கொண்டு வாங்குவார்கள். மிளகு வரும்போது மட்டும் சிரிப்பு நின்றுவிடும்.

ஏனென்றால் மிளகை எடுப்பவர் சாமுவேல் முதலாளி. ரத்தோட்டையில் மிளகு, கராம்பு வாங்கும் பெரிய கடை அவருடையது. எங்கள் சபையின் தனாதிகாரியும் அவர்தான். வெள்ளைச் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு முன்வாங்கில் இருந்தபடி ஒரு விலை சொல்வார். அது கடை விலையில் பாதிக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர் அடித்து மிரட்டுகிற ஆள் ஒன்றும் இல்லை. பார்த்தால் பிள்ளைகளுக்கு டொபி கொடுப்பார். வருஷம் முழுக்க அவரவர் மிளகைப் போட வேண்டியது அவர் கடையில்தானே, அவ்வளவுதான். பிறகு அந்தப் பணத்தைத் தனாதிகாரியாகிய அவரே வாங்கி, ஆலயக் கட்டிட நிதியில் சேர்த்து, ஸ்தோத்திரமும் சொல்வார்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது தோட்டங்களில் வாடல் நோய் வந்தது. அந்த வருஷ மழை நிற்காமல் பெய்தது. முதலில் இலை மஞ்சளாகும், பிறகு கொடி கணுக்கணுவாகக் கழன்று விழும். காலையில் போய்ப் பார்த்தால் மரத்தடியில் துண்டுதுண்டாகக் கிடக்கும். எங்கள் கொடிகள் எல்லாம் போயின. ஆண்டவர் கொடி மட்டும் பிழைத்தது. அது மேட்டில், பாறை ஓரத்தில், தண்ணீர் தேங்காத இடத்தில் இருந்ததால் பிழைத்தது என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு அது அற்புதம். போதகர் ஐயா பிரசங்கத்தில் எங்கள் கொடியைச் சொன்னார், அம்மாவைப் பெயர் சொல்லி எழுப்பி நிற்க வைத்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார். அடுத்த மாதத்துக்குள் ஊரில் ஏழெட்டுப் பேர் மரம் நேர்ந்துகொண்டார்கள். கர்த்தர் தன் உடைமையைக் காப்பாற்றிக்கொண்டாராம். எங்கள் உடைமையை ஏன் காப்பாற்றவில்லை என்று அப்பா வீட்டில் கேட்டார். 

அன்றைய பிரசங்கத்தில் போதகர் ஐயா ஒரு பெரிய சொல்லையும் விளக்கினார்: உக்கிராணத்துவம். உக்கிராணக்காரன் என்றால் வேறொருவருடைய சொத்தைப் பராமரிக்கும் பொறுப்பாளி. நம்மிடம் இருக்கும் நிலம், காசு, பிள்ளை எல்லாம் ஆண்டவருடையவை, நாம் வெறும் உக்கிராணக்காரர். அழகான போதனைதான், நான் குறை சொல்ல மாட்டேன். கூடவே ஏழை விதவை போட்ட இரண்டு காசின் கதையும் வந்தது. அறுப்பின் பண்டிகைதோறும் அந்த விதவை வருவாள். வீட்டுக்குப் போய் அவள் என்ன சாப்பிட்டாள் என்று எந்தப் போதகரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அப்பா ஒரு காரியம் செய்தார். மிளகு விதையில் வளர்ப்பதில்லை. நிலத்தில் ஓடும் இளங்கொடியை வெட்டி நட வேண்டும். எங்களிடம் உயிரோடு இருந்த கொடி ஒன்றே ஒன்று. அதிலிருந்து துண்டுகளை வெட்டி, பாறைப் பக்கத்து மேட்டிலேயே புதிதாக முள்முருக்கு ஊன்றி நட்டுவிட்டார். காசு கொடுத்து வெளியில் கன்று வாங்க வழியில்லை. அம்மா அதைப் பார்த்தார். அம்மாவின் முகம் அன்றிலிருந்து சரியில்லை.

மூன்று வருஷத்தில் அந்தக் கன்றுகள் காய்த்தன. என்ன காய்ப்பு அது! தாய்க்கொடியின் குணம் அப்படியே இறங்கியிருந்தது. அதே வருஷம் எஸ்தர் அக்கா சாதாரணதரப் பரீட்சையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் வாங்காத பெறுபேறு வாங்கினாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். கணக்கும் விஞ்ஞானமும் அவளுக்குச் சாப்பாடு மாதிரி; அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டே எனக்குப் பின்னம் சொல்லிக் கொடுப்பாள். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்க வேண்டுமானால் மாத்தளை டவுனுக்குத்தான் போக வேண்டும், அங்கே போர்டிங்கில் நிற்க வேண்டும், டியூஷனுக்கும் கட்ட வேண்டும். அப்பா புதுக் கொடிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். தொங்கிய திரிகளைத் தடவிப் பார்த்து, "இது எஸ்தருக்குப் போர்டிங், இது டியூஷன், இது சப்பாத்து" என்று ஒவ்வொரு மரமாகப் பெயர் வைத்தார். அக்கா வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். எங்கள் வீட்டில் நான் கண்ட நல்ல நாள்களில் அது ஒன்று.

அந்த மூன்று வருஷமும் அம்மா திருவிருந்து எடுக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. எல்லாரும் முழங்கால் போட முன்னால் போவார்கள், அம்மா வாங்கிலேயே குனிந்திருப்பார். ஆண்டவருடைய கொடியிலிருந்து கேட்காமல் வெட்டிய கன்றுகள் மேட்டில் நிற்க, அப்பத்தையும் திராட்சரசத்தையும் எப்படி வாங்குவது என்ற வாதை. கேட்டுவிட்டால் மனசு தெளியும் என்று அவர் நினைத்தார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"நீ கேட்டாத்தானே அவங்க ஒன்னு சொல்லுவாங்க. கேக்காம இருந்துட்டுப் போயேன்."

"ஆண்டவருக்குத் தெரியாதாங்க?" என்றார் அம்மா.

"தெரியுமில்ல. தெரிஞ்சும் சும்மாதானே இருக்காரு. அவரே சும்மா இருக்கிறப்போ உனக்கு என்னா அவசரம்?"

அப்பா சொன்னதில் இருந்த ஞானம் அன்றைக்கு யாருக்கும் படவில்லை. எங்கள் சனத்தைப் போலத் தன் கையாலேயே தன் கழுத்துக்குக் கயிறு கொண்டுபோய்க் கொடுக்கும் சனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. போதகர் ஐயா வீடு சந்திக்க வந்து, ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டே விட்டார்: ஆண்டவர் கொடியில் வெட்டி நட்ட கன்று யாருக்குச் சொந்தம்? ஐயா இளம் வயதுக்காரர், நல்ல மனிதர். தனக்கு அதில் குற்றமாக ஒன்றும் தெரியவில்லை என்றார். அந்த வார்த்தையோடு எழுந்து போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. கையைக் கழுவிக்கொண்டே, எதற்கும் கமிட்டியிலும் ஒரு வார்த்தை போட்டுவிடுவோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த முறை அவர் வந்த ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு ஆலயத்தின் பக்கத்து அறையில் கமிட்டி கூடியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. போதகர் ஐயா விஷயத்தைச் சொன்னார், தன் அபிப்பிராயத்தைச் சொல்லவில்லை. சாமுவேல் முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மாடு ஆண்டவருக்குன்னு நேர்ந்துட்டா, அது போடுற கன்னுக்குட்டி யாருக்கும்மா? அதே மாதிரிதான். கொடி அவருதுன்னா கொடியோட பிள்ளைங்களும் அவருதுதான்."

பாடுபட்டு நட்டது அவர்கள் அல்லவா, பாதியையாவது விட்டுவிடலாமே என்று ஓரத்தில் இருந்த ஒருவர் மெல்லச் சொன்னார். முதலாளி அவரைப் பார்த்துச் சிரித்தார். "ஆண்டவர் நமக்கு என்னா கூட்டாளியா, பாதிக்குப் பாதி பிரிக்கிறதுக்கு?" என்றார். சொன்னவர் அதோடு தலையைக் குனிந்துகொண்டார். அம்மா போதகர் ஐயாவைப் பார்த்தார். ஐயா சுவரில் மாட்டியிருந்த பாட்டு நம்பர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அம்மா வாய்திறந்து, மிளகு முழுக்க ஆலயத்துக்கே வரட்டும், அந்தப் பணத்தில் மூத்தவளின் படிப்புக்குக் கொஞ்சம் உதவி செய்ய முடியுமா என்று கேட்டார். பிச்சை கேட்கிற குரல் அது. தன் மிளகுக்கு.

"கட்டிட நிதியில கை வெக்க முடியாதும்மா. முன் மண்டபம் கட்டணும். ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் வருவாங்க" என்றார் முதலாளி. பிறகு பெரிய மனதோடு, கன்று நட்ட நாளிலிருந்து நடந்ததையெல்லாம் கிண்ட வேண்டாம், இனிமேல் ஒழுங்காக வந்தால் போதும் என்றும் தீர்ப்பளித்தார். ஜெபம் சொல்லி முடித்தார்கள். அடுத்த மாதம் அம்மா திருவிருந்து எடுத்தார்.

வீட்டில் அப்பா கத்தியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார். எல்லாக் கொடியையும் தறித்துப் போட்டுவிட்டு வருவதாகக் கத்தினார். அம்மா வழியை மறிக்கவில்லை. அக்காதான் பின்னால் போய் அவர் கையிலிருந்த கத்தியை வாங்கினாள். "விடுங்கப்பா. தங்கச்சி உயிரோட இருக்காளே, அது போதும்" என்றாள். அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. என் உயிருக்கான விலையை இன்னொருத்தி கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று பதினொரு வயதில் விளங்கினால் எப்படி இருக்கும் என்பதை நான் எழுதிக் காட்ட முடியாது.  

அந்த வருஷமும் எங்கள் முற்றத்தில் ஒரே பாய்தான் விரிந்தது. ஆண்டவர் பாய். நான்கு பேரும் பறித்தோம், மிதித்தோம், காய வைத்தோம், பனி இறங்கினால் ஓடிச் சுருட்டினோம். அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் அப்பா காரணம் சொல்லாமல் மாத்தளைக்குப் பஸ் ஏறிப் போய் வந்தார். மறுநாள் மூட்டைகளைச் சுமந்துகொண்டு, வெகுகாலத்துக்குப் பிறகு ஆலயத்துக்கும் வந்தார். உள்ளே வந்து உட்காரவில்லை, கதவோரம் நின்றார். ஆராதனை நடுவில் அக்காவை முன்னே கூப்பிட்டு, நல்ல பெறுபேறு வாங்கியதற்காகச் சபையின் சார்பில் ஒரு பேனா கொடுத்தார்கள். கொடுத்தவர் சாமுவேல் முதலாளி. எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

ஏலத்தில் மிளகு மூட்டைகள் வந்தன. முதலாளி வழக்கம்போல் ஒரு விலை சொன்னார். ஒருதரம் என்று கூவியதும், கதவோரத்திலிருந்து அப்பா ஐந்து ரூபா கூட்டிக் கேட்டார்.

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முதலாளி சிரித்துக்கொண்டே, "என்னா தங்கராசு, உன் மிளக நீயே வாங்கப் போறியா?" என்றார்.

"என் மிளகா? நீங்கதானேங்க ஆண்டவருதுன்னு சொன்னீங்க."

முதலாளி விலையைக் கூட்டினார். அப்பா அதற்கு மேலே கூட்டினார்.  வீட்டில் இருந்த காசுக்கு ஒரு மூட்டையின் மூலைகூட வராது என்று எங்களுக்குத் தெரியும். விலை ரத்தோட்டைக் கடை விலையைத் தொட்டது, தாண்டியது, அப்பா முந்தின நாள் போய் விசாரித்து வந்த மாத்தளை டவுன் விலைக்கு வந்தது, அதையும் தாண்டியது. முதலாளியின் சிரிப்பு எப்போதோ போயிருந்தது. ஆனால் முன்வாங்கில் இருந்துகொண்டு, அத்தனை பேர் முன்னால், ஒரு தோட்டத்தானிடம் தோற்பதற்கு அவருக்கு மனம் வரவில்லை. கடைசியாக அவர் ஒரு விலை சொன்னதும் அப்பா வாயை மூடிக்கொண்டார். மூன்றுதரம் விழுந்தது.

"ஆண்டவருக்கு நியாயமான விலை கெடைக்குதான்னு பார்த்தேங்க. உக்கிராணக்காரன் பார்க்க வேணாமா?" என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே போனார். அதன்பிறகு அவர் அந்த வாசலை மிதித்ததே இல்லை. அவரை நாங்கள் அடக்கம் செய்த அன்றுகூட, அவர் சொல்லி வைத்திருந்தபடி, ஜெபம் வீட்டிலேயே நடந்தது.

அப்பாவின் வெற்றியைச் சொல்லி நான் மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த வெற்றியால் ஒரு சதமும் எங்களுக்கு வரவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து, தேவனுடைய வீட்டில் மனக்கசப்பு வேண்டாம் என்று கமிட்டி முடிவெடுத்து, மிளகை ஏலம் விடாமல் நேரே தனாதிகாரியிடம் ஒப்படைக்கச் செய்தது. அக்கா மாத்தளைக்குப் போகவில்லை. கட்டுநாயக்கவில் ஒரு கார்மெண்டுக்குப் போனாள். சட்டைக்குக் கை தைத்தாள், வருஷக்கணக்காகக் கை மட்டும். அவள் அனுப்பிய காசில் நான் மாத்தளையில் போர்டிங்கில் நின்றேன், டியூஷன் போனேன், சப்பாத்துப் போட்டேன், ஆசிரியையானேன். எனக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தவள் அவள். பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குபவள் நான்.

அம்மா மட்டும் கடைசிவரை அந்தக் கொடிகளைப் பராமரித்தார். ஒரு மணிகூடக் குழம்புக்கு எடுக்கவில்லை. கடையில் உறையில் அடைத்த பக்கெட் மிளகு வாங்கினார். சென்ற வருஷம் மாத்தளை ஆஸ்பத்திரியில், நான் கிடந்ததாகச் சொல்லப்படும் அதே ஆஸ்பத்திரியில், அவர் படுத்திருந்தபோது, நெடுநாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். ஏன்மா போய்க் கேட்டீங்க? அப்பாதான் வேணாம்னு சொன்னாரே. அம்மா போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டு சொன்னார்:

"நான் ஆண்டவர்கிட்டதான் கேட்டேன். அவர் வாயத் தொறக்கவே இல்ல. பதில் சொன்னது அவங்க."

இத்தனை வருஷமும் அவருக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அதன்பின் அவர் அதிக நாள் இருக்கவில்லை.

இந்தத் தை மாதம் அம்மாவின் நினைவாக ஜெபம் சொல்வார்கள் என்பதால் அக்காவும் நானும் அறுப்பின் பண்டிகைக்குப் போனோம். தகரக் கூரை போய்விட்டது. முன் மண்டபம் இருக்கிறது, தரையெல்லாம் டைல்ஸ். மண்டபத்துச் சுவரில் சலவைக்கல்லில் காலஞ்சென்ற சாமுவேல் முதலாளியின் உபயம் என்று பொன்னெழுத்தில் வெட்டியிருக்கிறது. பீடத்தின் முன்னே கரட்டும் கோவாக்கோசும் பூசணியுமாகக் கண்ணைப் பறிக்கும் குவியல். யார் தோட்டத்தில் விளைந்தது என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். விடியற்காலையில் தம்புள்ளைக்கு வேன் அனுப்பி எடுத்துவந்ததாகவும், ஆராதனை முடிந்ததும் கமிட்டிக்காரர் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றும் சொன்னாள். ஏலம் இல்லை. ஒருதரம், இரண்டுதரம் என்ற கூவலும் இல்லை. காணிக்கைக்கு உறை உண்டு, வங்கிக்கு நேரே போடுகிறவர்களுக்குக் கதவில் ஒட்டிய, போனால் படம் பிடிக்கும் கட்டக் குறியும் உண்டு. எங்கள் மேட்டை அம்மா போனபின் விற்றுவிட்டோம்; ஆண்டவர் கொடி நின்ற இடத்தில், வாங்கியவர்கள் ரிவர்ஸ்டனுக்குப் போகும் உல்லாசப் பயணிகளுக்காகத் தேநீர்க் கடை போட்டிருக்கிறார்கள். பாறை மட்டும் அப்படியே இருக்கிறது.

புதுப் போதகர் உக்கிராணத்துவம் பற்றித்தான் பேசினார். விதவை வந்தாள், இரண்டு காசும் வந்தது. பிறகு பாட்டு, பாட்டோடு காணிக்கைப் பை. பழக்கதோஷம், நான் கைப்பையைத் திறந்து, அம்மாவின் பெயரெழுதிய உறையை எடுத்து வைத்திருந்தேன். பை வாங்கு வாங்காக வந்து அக்காவின் கைக்கு வந்தது. அக்காவின் வலதுகைப் பெருவிரலில் ஊசி ஏறிய தழும்பு இருக்கிறது. அந்தக் கையால் பையைப் பிடித்துக்கொண்டு என்னையும் என் உறையையும் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். அவள் தரவில்லை. என் மடிக்கு மேலாகக் கையை நீட்டி, எனக்கு அடுத்திருந்த பெண்ணிடம் பையைக் கொடுத்தாள்.

"நாம குடுத்தாச்சு" என்றாள்.

பாட்டு நடந்துகொண்டிருந்தது. நான் உறையைக் கைப்பைக்குள் திருப்பி வைத்துக்கொண்டேன்.